பொற்றாசியம் கலப்புக் கொள்ளளவி: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

கலப்புக் கொள்ளளவி என்பது ஒரு பக்கம் பற்றரியைப் போலவும் மறுபக்கம் கொள்ளளவியைப் போலவும் மின்னைச் சேர்த்துவைக்கும் கலம். பொற்றாசியத்தில் அதைச் செய்பவர்கள் இரண்டு வகை. காற்றும் ஈரமும் புகாமல் ஆகன் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி வைத்திருப்பவர்கள் சேதனக் கரைப்பானில் செய்கிறார்கள். மற்றவர்கள் தண்ணீரில் செய்கிறார்கள். திருகோணமலையில் உயர்தர மாணவரோ பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வுக்காரரோ கையில் எடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதனால் இந்தக் குறிப்பின் பெரும்பகுதி தண்ணீர்க் கலத்துக்கே. பெட்டி உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள் கடைசியில் இருக்கின்றன.

கலம் இதுதான். நேர்ப்பக்கத்தில் பிரஷ்யன் நீலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த செப்பு எக்சாசயனோபெரேற்று. இனி இதைச் ‘செப்புச் சேர்வை’ என்றே சொல்கிறேன். எதிர்ப்பக்கத்தில் சிரட்டைக் கரியிலிருந்து செய்த உயிர்ப்பூட்டிய காபன். நடுவில், இரண்டும் தொடாமல் பிரிக்கும் பிரிதாளாகக் கண்ணாடி நார்த்தாளோ வடிதாளோ. கரைசல், ஐதான சல்பூரிக்கமிலத்தால் பிஎச் 2க்கு அருகே கொண்டுவந்த 0.5 மோலர் பொற்றாசியம் சல்பேற்று. லீற்றருக்கு 87 கிராம் உப்பு போதும். அறை வெப்பநிலையில் 0.7 மோலருக்குக் கிட்டவே நிரம்பிவிடும் என்பதால் ‘செறிவைக் கூட்டிப் பார்ப்போம்’ என்று மெனக்கெட வேண்டாம். ஏன் பொற்றாசியம் என்றால், தண்ணீரில் அது சோடியத்தையும் இலிதியத்தையும் விட வேகமாக நகரும். அயன் கடத்துதிறன் பொற்றாசியத்துக்கு 73.5, சோடியத்துக்கு 50.1, இலிதியத்துக்கு 38.7. செப்புச் சேர்வையின் பளிங்கு வலைக்குள்ளும் அது தாராளமாகப் போய் வரும். 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்தச் சேர்வையை 40,000 தடவை ஏற்றி இறக்கியும் 83 வீதக் கொள்ளளவு மிஞ்சியதாகக் காட்டியது.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயத்தைச் செய்துவிடுங்கள். கலத்தின் மொத்த வோல்ட்டளவை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கலம் 1.3 வோல்ட் காட்டும்போது நேர்ப்பக்கம் 0.85இலும் எதிர்ப்பக்கம் −0.45இலும் இருக்கலாம். நேர்ப்பக்கம் 1.1இலும் எதிர்ப்பக்கம் −0.2இலும் இருக்கலாம். முதலாவது நல்ல கலம், இரண்டாவது தன்னைத்தானே அரித்துக்கொண்டிருக்கும் கலம். மீற்றரில் இரண்டும் ஒன்றுதான். தன் அழுத்தம் மாறாமல் நிற்கும் ஒப்பீட்டு மின்வாய் ஒன்றும் இரண்டு பல்மானிகளும் இருந்தால் இந்தக் குருட்டுத்தனம் தீரும். ஒரு மானி கலத்துக்குக் குறுக்கே, மற்றது நேர்ப்பக்கத்துக்கும் ஒப்பீட்டு மின்வாய்க்கும் இடையே. கழித்தால் எதிர்ப்பக்கம் வந்துவிடும்.

ஒப்பீட்டு மின்வாய் வாங்கப் பணமில்லை என்றால் நகை செய்பவரிடம் ஒரு விரல் நீளத்துக்குத் தூய வெள்ளிக் கம்பி கேளுங்கள். மண்தாள் போட்டுத் தேய்த்து, வீட்டில் பாவிக்கும் வெளிற்றும் திரவத்தில் அரை மணி நேரம் ஊறவிட்டால் சாம்பல் கலந்த ஊதாப் படலம் படியும். அதுதான் வெள்ளிக் குளோரைட்டு. கம்பியை நேரே உங்கள் சல்பேற்றுக் கரைசலில் விட்டால் அளவு நிலையாக இராது. அதற்குக் குளோரைட்டு வேண்டும். நிரம்பிய பொற்றாசியம் குளோரைட்டுள்ள ஒரு சிறு குழாயில் கம்பியை வைத்து, குழாயின் நுனியை ஏகார் கட்டியால் அடைத்துக் கரைசலில் இறக்குங்கள். இரண்டு கம்பி செய்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வித்தியாசம் சில மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். தண்ணீர்க் கலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலேயும் கீழேயும் சொல்லும் அழுத்தங்கள் எல்லாம் இந்த மின்வாயோடு ஒப்பிட்டு அளந்தவை.

‘முதல் மின்னேற்றத்திலேயே வோல்ட்டளவு சர்ரென்று ஏறி எல்லையைத் தொட்டுவிடுகிறது, கொள்ளளவு கிட்டத்தட்டப் பூச்சியம்’

புதிதாகச் செய்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். பொருளில் பிழை என்று நினைத்து மறுபடி செப்புச் சேர்வை தயாரிக்கப் போவார்கள். பொருள் நன்றாகவே இருக்கும்.

மயில்துத்தத்தையும் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் கலந்து செய்த சேர்வையில் இரும்பு ஏற்கெனவே ஒட்சியேறிய நிலையில் இருக்கிறது. அதாவது நேர்ப்பக்கம் பிறக்கும்போதே மின்னேற்றம் பெற்றுவிட்டது. வெளியே விட அதனிடம் பொற்றாசியம் மிச்சமில்லை. எதிர்ப்பக்கத்துக் காபனோ 0.3 வோல்ட்டுக்கு அருகே, மின்னிறங்கிய நிலையில் இருக்கிறது. ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் வெறுமையாகவும் இருக்கும் கலத்தை மேலும் ஏற்றினால், நேர்ப்பக்கம் போக வழியில்லாமல் மேலே பாயும். பிஎச் 2இல் 0.9 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீரே ஒட்சியேறும் எல்லைக்குள் போய்விடுகிறீர்கள்.

சோதனை சுலபம். கலத்தைக் கட்டிய உடனே, மின்னோட்டம் எதுவும் கொடுக்காமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளவுங்கள். நேர்ப்பக்கம் 0.85 அல்லது அதற்கு மேல் காட்டினால் காரணம் இதுவே. தீர்வு: கலத்தில் போடுமுன் செப்புச் சேர்வை மின்வாயை ஒரு முகவையில், பெரிய காபன் துண்டொன்றை எதிர் மின்வாயாக வைத்து, மெல்லிய மின்னோட்டத்தில் 0.5 வோல்ட் வரை தாழ்த்துங்கள். அந்தக் காபன் துண்டு பலியாடு, கலத்துக்குள் போகாது. அப்புறம் கலத்தைக் கட்டினால் இரண்டு பக்கமும் மின்னிறங்கிய நிலையில் ஒன்றாகத் தொடங்கும்.

பெரிசயனைட்டுக்குப் பதில் பெரோசயனைட்டைப் பாவித்தால் தாழ்ந்த நிலைச் சேர்வை நேரடியாகவே கிடைக்கும். செங்கபில நிறம். ஆனால் அது களியாக வந்து வடிதாளை அடைத்துக்கொள்ளும், கழுவுவது பெரும்பாடு. எனக்கு முகவை முறைதான் பிடிக்கும்.

2012இல் அதே ஸ்டான்ஃபோர்ட் குழு வேறு வழியில் போனது. காபனோடு பொலிபிரோல் என்ற கடத்தும் பல்பகுதியத்தைக் கலந்து, எதிர்ப்பக்கத்தின் தொடக்க அழுத்தத்தையே கீழே இழுத்தது. தீர்க்கப்பட்டது ஒரே சிக்கல்தான்: இரண்டு பக்கமும் எங்கே தொடங்குகின்றன என்பது.

‘கொள்ளளவு வருகிறது, ஆனால் கணக்குப் போட்டதில் பாதிதான்’

எடை விகிதத்தைப் பாருங்கள். ‘இரண்டு பக்கமும் சமமாகப் பூசினேன்’ என்பார்கள். இரண்டும் ஒரே அளவு மின்னூட்டத்தைத்தான் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும், ஒரே அளவு எடையை அல்ல. செப்புச் சேர்வை கிராமுக்கு ஏறத்தாழ 60 மில்லியம்பியர் மணி, அதாவது 216 கூலோம். காபன் கிராமுக்கு 100 ஃபரட் என்று வைத்து, 0.3இலிருந்து −0.5 வரை 0.8 வோல்ட் அசைய விட்டால் 80 கூலோம். 216ஐ 80ஆல் வகுத்தால் 2.7. ஆக, ஒரு பங்கு செப்புச் சேர்வைக்கு 2.7 பங்கு காபன். அந்த 100 ஃபரட்டை ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கரியை, உங்கள் கரைசலில், தனியாக அளந்து எடுங்கள். சிரட்டைக் கரிக்குக் கரி வித்தியாசம் பெரிது.

கரியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிரட்டைக் கரியில் சாம்பல் இருக்கும். அதை ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கழுவி, பிறகு குளோரைட்டு முற்றாகப் போகும்வரை நீரில் அலச வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் போன உப்பு திரும்பி வந்து சேரும். வாகன உதிரிப்பாகக் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் போதும். கடைசியாக அலசிய நீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பாருங்கள். வெண்மை தெரிந்தால் இன்னும் அலசுங்கள்.

‘இரவில் ஏற்றி வைத்தேன், காலையில் பார்த்தால் பாதிக்குமேல் இறங்கிவிட்டது’

சுயமின்னிறக்கம். காரணங்கள் பல, ஆனால் இறங்கும் வளைகோடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஏற்றிய கலத்தைக் கழற்றி, வோல்ட்டளவை முதல் ஒரு மணி நேரம் நிமிடத்துக்கு ஒரு தடவையும் அதன் பிறகு இடைவெளி விட்டும் எழுதுங்கள். அதே தரவை மூன்று விதமாக வரையுங்கள். வோல்ட்டளவின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்து நேர்கோடு வந்தால், உள்ளே எங்கோ இரண்டு பக்கமும் தொட்டுக்கொள்கின்றன. பிரிதாளில் கரித்தூள் துளைத்திருக்கும், அல்லது மின்வாயைப் பூசிய உலோக வலையின் முனைக் கம்பி ஒன்று குத்தியிருக்கும். வோல்ட்டளவை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிரே வரைந்து நேர்கோடு வந்தால், கரைசலில் ஏதோ ஒரு பொருள் இரண்டு பக்கத்துக்கும் இடையே நடந்து திரிந்து மின்னைக் கடத்துகிறது. நேரத்தின் மடக்கைக்கு எதிரே நேர்கோடு வந்தால், மின்வாய் ஒன்று தன் எல்லையை மீறிப் போய்த் தண்ணீரோடு தாக்கம் புரிகிறது. ஏற்றும் எல்லையை 0.1 வோல்ட் குறைத்துப் பாருங்கள்.

இங்கே அதிகம் காணக்கூடியது நடுவிலுள்ளது. நடந்து திரியும் பொருள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, காற்றிலிருந்து கரைந்த ஒட்சிசன். −0.5 வோல்ட்டில் இருக்கும் காபன் அதை விடாது தாழ்த்தும். திறந்த முகவையில் அளந்தால் எந்தக் கலமும் இப்படித்தான் இறங்கும். நைதரசன் குமிழிவிட்டு, மூடி, மறுபடி அளவுங்கள். நிலைமை திருந்தினால் கலத்தில் குறையில்லை, மூடியில்தான் குறை.

இரண்டாவது, இரும்பு. உரக்கடைப் பொட்டாஷை வாங்கிக் கரைத்தவர்களுக்கு இது நிச்சயம். கடைகளில் கிடைக்கும் சிவந்த பொட்டாஷின் நிறமே இரும்பு ஒட்சைட்டால் வருவது. அது சல்பேற்றும் அல்ல, குளோரைட்டு. அமிலக் கரைசலில் இரும்பு கரைந்து, நேர்ப்பக்கத்தில் ஒட்சியேறி எதிர்ப்பக்கத்தில் தாழ்ந்து, நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும். வடித்தால் தெளிவாகத் தெரியும், ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. உப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆய்வுகூடத் தரத்தில் அரைக் கிலோ வாங்கினால் நீண்ட காலம் போகும்.

‘பிரிதாளில் நீலக் கறை’

கலத்தைப் பிரித்ததும் கண்ணில் படும் அறிகுறிகளில் இதைப்போல உதவுவது வேறில்லை. எவர்சில்வர் வலையில் மின்வாயைப் பூசியிருந்தால், வலையின் பின்னல் அப்படியே பிரிதாளில் பதிந்ததுபோல் நீலப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் வலையில் அரிப்புத் தொடங்கிய ஓரிடம். அங்கே வெளியேறிய இரும்பு அயன், செப்புச் சேர்வையிலிருந்து கரைந்து வந்த சயனோபெரேற்றோடு சேர்ந்து பிரஷ்யன் நீலமாகப் படிகிறது. அதாவது ஒரே கறை இரண்டு செய்தி சொல்கிறது: வலை அரிகிறது, நேர்ப்பக்கமும் கரைகிறது.

புள்ளிகள் வலையின் வெட்டு விளிம்பிலும் பற்றாசு வைத்த இடத்திலும் மட்டும் இருந்தால் அந்த இடங்களை எபொக்சியால் மூடிப் பார்க்கலாம். முழுப் பரப்பிலும் இருந்தால் வலையை மாற்றுவதே வழி. கிராபைற்றுத் தகடு மலிவு, மடித்தால் உடையும். தைத்தேனியம் வலை விலை, ஆனால் கவலையில்லை. எவர்சில்வரை இப்படித் துளையிடும் குற்றவாளி பெரும்பாலும் குளோரைட்டுத்தான். கரியை அலசிய நீரையும், ஒப்பீட்டு மின்வாயின் ஏகார் அடைப்பு கசிகிறதா என்பதையும் பாருங்கள். இங்கே வெட்டிவைத்த வலையை மேசையில் திறந்து போட்டால் கடற்காற்று உப்பையும் சேர்த்துக் கொடுக்கும். மூடி வையுங்கள்.

‘கரைசல் மஞ்சளாகிறது, கொள்ளளவு சுற்றுக்குச் சுற்று குறைகிறது’

நேர்ப்பக்கம் கரைகிறது, மஞ்சள் நிறம் பெரிசயனைட்டு. பிஎச் தாளை எடுத்துக் கரைசலைத் தொட்டுப் பாருங்கள். 2இல் தொடங்கியது 5, 6 என்று ஏறியிருந்தால் காரணம் எதிர்ப்பக்கத்தில். அங்கே ஐதரசன் வாயு வெளியேறும்போது அமிலம் செலவழிகிறது, ஐதரொட்சைட்டு மிஞ்சுகிறது. அது நேர்ப்பக்கத்துக்கு நகர்ந்ததும் செப்புச் சேர்வை உடைகிறது. நோய் ஒரு பக்கம், வலி மறுபக்கம். நேர்ப்பக்கத்தை எத்தனை தடவை புதிதாகச் செய்து போட்டாலும் இது தீராது.

இதில் ஒரு இழுபறி இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அமிலம் கூடினால் செப்புச் சேர்வை பிழைக்கும், ஆனால் ஐதரசன் முந்தி வரும். பிஎச் 2இல் ஐதரசனின் கோட்பாட்டு எல்லை −0.32 வோல்ட், பிஎச் 6இல் −0.55. காபனின் மேற்பரப்பில் ஐதரசன் உண்டாவது மந்தம் என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கீழே போக முடிகிறது, அந்தத் துணிவில்தான் −0.5 வரை போகிறோம். கரைசலில் இரும்போ வேறு உலோகமோ இருந்து காபனில் படிந்தால் அந்தச் சலுகை போய்விடும். என் பரிந்துரை: பிஎச்சை 2க்கு அருகே வைத்து, காபனை 2.7 பங்குக்குப் பதில் 3.5 பங்கு போடுங்கள். அசைவு 0.8 வோல்ட்டிலிருந்து 0.6 வோல்ட்டுக்கு வரும்; எதிர்ப்பக்கம் −0.3க்கு அருகே நிற்கும். சக்தி அடர்த்தி கொஞ்சம் குறையும். நெடுநாள் உழைக்கும் கலம் கிடைக்கும்.

பை வடிவக் கலம் உப்புகிறது என்றாலும் இதே கதைதான். ஊசியால் குத்தி வாயுவை விடுமுன் பக்கத்தில் நெருப்பில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கரைசலைச் சூடாக்கக் கூடாது, செறிந்த அமிலம் விடக் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. சயனைட்டு பிணைந்திருக்கும்வரை பயமில்லை; சூடும் அமிலமும் வலுவான ஒளியும் அந்தப் பிணைப்பை அவிழ்த்து ஐதரசன் சயனைட்டை வெளியேற்றக்கூடியவை. கழிவை இருண்ட போத்தலில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டாம்.

‘மின்னிறக்கம் தொடங்கியதும் வோல்ட்டளவு தடாலென்று விழுகிறது’

உட்தடை. முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 10 மில்லியம்பியரில் ஏற்றிவிட்டு உடனே 10 மில்லியம்பியரில் இறக்கினால், மின்னோட்டம் மாறிய அளவு 20. விழுந்தது 80 மில்லிவோல்ட் என்றால் தடை 4 ஓம், 8 அல்ல. பலர் இரு மடங்கு தடையைக் காட்டிவிட்டு அதற்கு வைத்தியம் தேடுகிறார்கள்.

கணக்குச் சரியாக இருந்தும் தடை கூடுதல் என்றால், கவ்வியை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியதும் குறைந்தால் தொடுகைதான் காரணம். குறையாவிட்டால் பூச்சு. எந்த மாதத்தில் பூசினீர்கள்? கச்சான் காற்றடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை பூசியவை பெரும்பாலும் தப்பிவிடும். மாரி தொடங்கி வாடை வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பூசியவைதான் உரிந்து வரும். பூச்சை ஒட்டவைக்கும் பொலிவினைலிடீன் புளோரைட்டுப் பசையைக் கரைக்கும் கரைப்பான் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்ததும் பசை கரைப்பானை விட்டுப் பிரிய, குழம்பு சட்டித் தயிராகத் திரளும். காய்ந்த பின் நகத்தால் கீறினால் செதில் செதிலாக விழும். மாரியில் குழம்பை மூடிய போத்தலிலேயே கலக்கி, பூசிய கையோடு 80 பாகை அடுப்புக்குள் வையுங்கள்.

‘பெறுமானம் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது’

இதுவும் பிழைதான். கலப்புக் கொள்ளளவியின் மின்னிறக்கக் கோடு நேராக இராது. ஃபரட் சூத்திரத்தில் இரு முனைகளை மட்டும் போட்டால் விடை வீங்கும். வோல்ட்டளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கி நேரத்தோடு கூட்டிச் சக்தியைக் கணியுங்கள். வகுக்கும்போது இரண்டு மின்வாயின் எடையையும் போடுங்கள். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராம் பூசிப் பெற்ற எண்ணை வைத்து வீட்டுப் பற்றரியோடு ஒப்பிட வேண்டாம். அளவு நடுவில் கரண்ட் போய் வந்திருந்தால் அந்தச் சுற்றையே விட்டுவிடுங்கள்.

சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்னிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் வைத்த பிறகு, ‘இதை அங்கே வைத்து இரவுக்கு மின்சாரம் கொடுக்கலாமா’ என்ற கேள்வியும் எழுகிறது. முடியாது. இரவைத் தாங்குவது பற்றரியின் வேலை. மேகம் ஒன்று தகடுகளைக் கடக்கும் அந்த அரை நிமிடத்தைத் தாங்குவதுதான் இதன் வேலை.

கையுறைப் பெட்டி உள்ளவர்களுக்கு

அங்கே எதிர்ப்பக்கம் கிராபைற்று அல்லது கடின காபன், நேர்ப்பக்கம் உயிர்ப்பூட்டிய காபன், கரைசல் பொற்றாசியம் எக்சாபுளோரோபொசுபேற்று போன்ற உப்பு. கொள்ளளவு தொடக்கத்திலேயே சரிந்தால் மேலே சொன்ன அதே தொடக்கநிலைச் சிக்கலைத் தேடுங்கள். இரண்டு காபனிலும் பொற்றாசியம் இல்லை. கரைசலில் உள்ளது, முதல் ஏற்றத்தில் எதிர்ப்பக்கத்தின் மேல் படலம் ஒன்று உண்டாவதிலேயே செலவழிகிறது. எதிர்ப்பக்கத்துக்கு முன்கூட்டியே பொற்றாசியம் ஊட்டாமல் கலத்தைக் கட்டாதீர்கள்.

போகலையிலும் கஹட்டகஹவிலும் எடுக்கும் இலங்கைக் கிராபைற்று தூய்மைக்குப் பேர்போனது. ஆனால் தூய்மை வீக்கத்தைத் தடுக்காது. பொற்றாசியம் நுழைந்து முழுமையாக நிரம்பும்போது படலங்களின் இடைவெளி 3.35 ஆங்ஸ்ற்றமிலிருந்து 5.35 வரை, அதாவது 60 வீதம், விரியும். சில சுற்றில் பூச்சு உதிர்ந்தால் பசையை மாற்றுங்கள். காபொட்சிமெதைல் செலுலோசு நன்றாகப் பிடிக்கும். எதிர்ப்பக்கத்துக்குச் செப்புத் தகடு தேவையில்லை. பொற்றாசியம் அலுமினியத்தோடு கலப்புலோகமாகாது, அலுமினியத் தகடே போதும்.

பொற்றாசிய உலோகத்தை எதிரே வைத்து அளந்த அரைக்கலத்தில் தடை அதிகமாகத் தெரிந்தால் உங்கள் காபனைச் சந்தேகிக்குமுன் உலோகத்தைச் சந்தேகியுங்கள். அதன் மேற்பரப்பு கரைசலோடு ஓயாமல் தாக்கம் புரிந்துகொண்டே இருக்கும். தனி ஒப்பீட்டு மின்வாய் இங்கும் வேண்டும். எண்ணெயில் கிடந்த பழைய உலோகத் துண்டில் மஞ்சளோ செம்மஞ்சளோ பொருக்குத் தெரிந்தால் அது சுப்பரொட்சைட்டு. அதைச் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம். எண்ணெயோடு சேர்த்து வெட்டினால் வெடிக்கக்கூடும். போத்தலை அசைக்காமல் வைத்துவிட்டுப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.